பதிவேட்டில் ஏறாத வெளியேற்றம்

இங்கிலாந்தின் கல்விச் சட்டப்படி, ஒரு மாணவரை ஒழுங்கு நடவடிக்கையாகப் பள்ளியை விட்டு வெளியே அனுப்பும் அதிகாரம் தலைமையாசிரியர் ஒருவருக்கே உண்டு. அவரும் அதை இரண்டே வழிகளில்தான் செய்யமுடியும். குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் விலக்கி வைப்பது இடைநீக்கம். பள்ளியிலிருந்து ஒரேயடியாக விலக்கிவிடுவது நிரந்தர நீக்கம். இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது வழி ஒன்று, சட்டத்தில் இடமில்லாமலேயே, அங்கே நெடுங்காலமாக நடைமுறையில் இருந்துவருகிறது. பள்ளி அலுவலகத்திலிருந்து தாய்க்குத் தொலைபேசி அழைப்பு வருகிறது. பையனுக்கு இன்று மனநிலை சரியில்லை, வந்து அழைத்துக்கொண்டு போனால் அவனுக்கும் நல்லது, மற்றவர்களுக்கும் நல்லது என்கிறார்கள். தாய் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறார். கடிதம் கிடையாது, காரணம் எழுதித் தரப்படுவதில்லை, இது எத்தனையாவது முறை என்ற கணக்கும் எவரிடமும் இல்லை. முறைசாரா வெளியேற்றம் எனப்படும் இந்த வழக்கம், பெற்றோர் சம்மதித்தாலும்கூடச் சட்டவிரோதமானது என்று இங்கிலாந்துக் கல்வித் துறையின் வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனாலும் அது நின்றபாடில்லை. அதில் சிக்குபவர்களில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் மிகுதி.

ஆட்டிசம் என்பது பிறவியிலேயே அமையும் மூளை வளர்ச்சி வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகும் முறை, மாற்றங்களை எதிர்கொள்ளும் திறன், ஒரே செயலிலோ ஆர்வத்திலோ ஆழ்ந்திருக்கும் இயல்பு ஆகியவற்றில் அது வெளிப்படுகிறது. ஒலி, ஒளி, தொடுகை, மணம் போன்ற புலனுணர்வுகளை அளவுக்கு மீறியோ மிகக் குறைவாகவோ உணர்வதும் அதன் கூறுகளில் ஒன்று என்பதை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு முறையாகச் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்தின் ஏறத்தாழ 70 லட்சம் மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, 57 மாணவர்களில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாகக் கண்டறிந்தது. இவர்களில் பெரும்பாலோர் சிறப்புப் பள்ளிகளில் படிக்கவில்லை. சாதாரணப் பள்ளிகளில், முப்பது பேர் உள்ள வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே இது ஒரு சிறு விளிம்புப் பிரிவினரின் பிரச்சினை அன்று. அந்நாட்டின் ஏறக்குறைய ஒவ்வொரு பள்ளியும் நாள்தோறும் எதிர்கொள்ளும் நிலைமை.

வெளியேற்றம் எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்பதை விளங்கிக்கொள்ள, வருகைப் பதிவேட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். இங்கிலாந்துப் பள்ளிகள் காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் வருகை எடுக்கச் சட்டத்தால் கடமைப்பட்டவை. காலையில் வந்திருந்தால் ஒரு பக்கம் சாய்ந்த கோடு, பிற்பகலில் இருந்தால் மறுபக்கம் சாய்ந்த கோடு. வராதவர்களுக்குக் காரணத்திற்கேற்ப ஓர் எழுத்து. ஒரு மணிக்குப் பிற்பகல் வருகை எடுத்து முடிந்து, ஒன்றேகால் மணிக்கு ஒரு குழந்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டால், அந்த இரண்டாவது கோடு அழிக்கப்படுவதில்லை. அரசின் புள்ளிவிவரத்தைப் பொறுத்தவரை அக்குழந்தை அன்று முழு நாளும் பள்ளியில் இருந்தது. வாரத்தில் நான்கு நாட்கள் இப்படி அனுப்பப்பட்டாலும் அதன் வருகை விழுக்காடு நூறாகவே நிற்கும். காலை பத்து மணிக்கே அனுப்பப்பட்டால் பிற்பகல் வேளைக்கு மட்டும் ஏதேனும் ஓர் எழுத்து தேவைப்படும். அதற்கு நோயைக் குறிக்கும் 'ஐ', பள்ளி அனுமதித்த பொதுவான விடுப்பைக் குறிக்கும் 'சி', வேறோர் இடத்தில் மேற்பார்வையோடு கல்வி பெறுவதைக் குறிக்கும் 'பி' போன்றவை பயன்படுத்தப்படுகின்றன. வீட்டுக் கூடத்தில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் 'பி' போடுவது பொய்ப் பதிவு. இடைநீக்கத்துக்கென்றே உள்ள எழுத்து 'ஈ'. அதைப் போட்டால் கடிதம் எழுதவேண்டும், உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்கவேண்டும் என்பதால் அது தவிர்க்கப்படுகிறது.

முறைசாரா வெளியேற்றம் பல உருவங்களில் வருகிறது. மதிய உணவு வேளையில் மட்டும் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்வது ஒன்று. சட்டப்படி அதுவும் அரை நாள் இடைநீக்கமாகக் கணக்கிடப்பட வேண்டியதாகும். குழந்தைக்கென ஒதுக்கப்பட்ட வகுப்பு உதவியாளர் விடுப்பில் இருக்கும் நாளில் குழந்தையையும் வரவேண்டாம் என்பது இன்னொன்று. சுற்றுலா நாளிலும், பள்ளி ஆய்வாளர்கள் வரும் நாளிலும் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்வதும் இதில் சேரும். இவற்றைவிட நீண்டகாலம் நீடிப்பது குறைநேர அட்டவணை: நாளுக்கு இரண்டு மணி நேரம் வந்தால் போதும், பழகப் பழக நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று தொடங்குவார்கள், நேரம் கூடுவதேயில்லை. இத்தகைய அட்டவணை மிக அரிதான சூழலில், குறுகிய காலத்துக்கு மட்டுமே இருக்கவேண்டும் என்றும், நடத்தையைக் கட்டுப்படுத்தும் கருவியாக அது பயன்படக்கூடாது என்றும் துறையின் வழிகாட்டுதல் கூறுகிறது. எல்லாவற்றிலும் கடுமையானது, நிரந்தர நீக்கம் வந்தால் பிள்ளையின் பதிவில் கறை படியும், அதற்கு முன் நீங்களே வீட்டுக் கல்விக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரை இணங்கவைப்பது. பெற்றோர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு வெளியே கல்வி தரும் உரிமை அந்நாட்டில் உண்டு. உரிமையாக இருக்கவேண்டியது இங்கே வெளியே தள்ளும் வாசலாக மாறிவிடுகிறது. மாணவரின் நலனைவிடப் பள்ளியின் நலனையே முதன்மையாகக் கருதி, முறையான நீக்கம் இல்லாமல் பெயரை அகற்றுவதைப் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் தனி முறைகேடாகவே வரையறுத்துள்ளது.

பள்ளிகள் இதைக் கருணையின் மொழியில் பேசுவதும், பெற்றோர் பலர் அதை அப்படியே எடுத்துக்கொள்வதும் இயல்பே. கடுமையான சொல் எதுவும் இல்லை. தண்டனை என்ற பெயர் இல்லை. பிள்ளையின் கோப்பில் கரும்புள்ளி இல்லை. ஆனால் அந்தக் கரும்புள்ளியோடு சேர்த்துச் சட்டம் எவற்றையெல்லாம் கட்டிவைத்திருக்கிறது என்று பார்த்தால், தொலைபேசி அழைப்பின் மென்மை குழந்தையிடமிருந்து எவ்வளவைப் பறிக்கிறது என்பது புலப்படும். முறைப்படி இடைநீக்கம் செய்யும் தலைமையாசிரியர் காரணத்தையும் கால அளவையும் பெற்றோருக்கு எழுத்தில் தரவேண்டும். பள்ளி நிர்வாகக் குழுவிடம் முறையிடும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதையும் அதே கடிதத்தில் சொல்லவேண்டும். எவ்வளவு குறுகிய இடைநீக்கமாக இருந்தாலும் உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்கவேண்டும். ஐந்து பள்ளி நாட்களுக்கு மேல் நீடித்தால் ஆறாவது நாளிலிருந்து முழுநேர மாற்றுக் கல்விக்குப் பள்ளி ஏற்பாடு செய்யவேண்டும். ஒரு பருவத்தில் மொத்தம் 15 நாட்களைத் தாண்டினால், பெற்றோர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நிர்வாகக் குழு கூடி ஆராயவேண்டும். ஒரு கல்வியாண்டில் 45 நாட்களுக்கு மேல் எந்த மாணவரையும் இடைநீக்கம் செய்யமுடியாது. முறைசாரா வெளியேற்றத்திலோ 45 என்ற வரம்பு இல்லை, ஆறாவது நாள் என்று ஒன்று வருவதே இல்லை, கூடி ஆராய எவருக்கும் கடமை இல்லை. தண்டனை என்று ஒப்புக்கொள்ளப்பட்ட செயலைவிட, தண்டனை அன்று என்று சொல்லிச் செய்யப்படும் செயலில் குழந்தைக்குப் பாதுகாப்பு குறைவு.

பதிவின்மையின் விளைவு அத்தோடு நிற்பதில்லை. அதிக உதவி தேவைப்படும் குழந்தைகளுக்காக, 2014ஆம் ஆண்டின் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம் 'கல்வி, உடல்நலம், பராமரிப்புத் திட்டம்' என்ற சட்டப் பிணைப்புள்ள ஆவணத்தை ஏற்படுத்தியது. ஒரு குழந்தைக்கு என்னென்ன உதவி தரப்படவேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. அதில் எழுதப்பட்ட சிறப்புக் கல்வி உதவியை அளிப்பது உள்ளாட்சி அமைப்பின் தட்டிக்கழிக்க முடியாத கடமை. இத்தகைய திட்டம் பெற்ற மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு முதன்மைத் தேவையாகப் பதிவாகியிருப்பது ஆட்டிசமே. திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் பெற்றோரிடம் சான்று கேட்கப்படுகிறது: பள்ளியால் சமாளிக்க முடியவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்? ஓராண்டாக வாரத்துக்கு மூன்று முறை அழைத்து வந்த தாயிடம் காட்டுவதற்குக் காகிதம் இல்லை. பள்ளியின் பதிவேட்டிலோ ஒழுங்கான வருகையும் ஓர் இடைநீக்கமும் இல்லாத தூய பக்கமும் இருக்கின்றன. உதவி கிடைக்காத காரணத்தால் குழந்தை வெளியே அனுப்பப்படுகிறது. வெளியே அனுப்பப்பட்டது பதிவாகாத காரணத்தால் உதவி கிடைப்பதில்லை. வீட்டில் இருக்கும் குழந்தைக்குக் கல்வி ஏற்பாடு செய்யும் பொறுப்பை 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உள்ளாட்சி அமைப்பின்மீது சுமத்தியிருந்தும், குழந்தை வீட்டில் இருப்பதே அந்த அமைப்புக்குத் தெரியாதபோது அந்தப் பொறுப்பும் உறங்குகிறது.

வெளியே அனுப்பக் காரணமாகச் சொல்லப்படும் நடத்தை எத்தகையது என்ற கேள்வி இங்கே எழுகிறது. அடித்தல், கடித்தல், பொருட்களை எறிதல், வகுப்பறையை விட்டு ஓடுதல், மேசைக்கடியில் ஒளிந்துகொண்டு வெளியே வர மறுத்தல், இடைவிடாது அலறுதல் ஆகியவை பள்ளிக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருபவை. இவற்றை அடத்தோடு சேர்த்துப் பார்ப்பது பெரும்பிழை. அடம்பிடிக்கும் குழந்தைக்கு ஓர் இலக்கு இருக்கும். அது கிடைத்ததும் அடங்கும். ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் நேரும் கொதிநிலை, தாங்கும் அளவைப் புலன்களின் சுமையோ பதற்றமோ கடந்துவிட்ட பிறகு உடல் தானாகவே காட்டும் எதிர்வினை. அதில் தேர்வுக்கு இடமில்லை, கேட்டதைக் கொடுத்தாலும் அது உடனே தணியாது. பள்ளியின் உணவுக்கூடத்தை எண்ணிப் பார்க்கலாம். இருநூறு குழந்தைகளின் பேச்சு கூரையில் மோதித் திரும்புகிறது, நாற்காலிகளின் இரும்புக் கால்கள் தரையில் உராய்கின்றன, கழிவறைப் பக்கமிருந்து கை உலர்த்தும் கருவி திடீர் திடீரென இரைகிறது, பல உணவுகளின் மணம் ஒன்றாகக் கலக்கிறது, வரிசையில் பின்னால் நிற்பவர் முதுகில் இடிக்கிறார். இவை ஒவ்வொன்றையும் பின்னணிக்குத் தள்ளிவிடும் வசதி பெரும்பாலோரின் மூளைக்கு உண்டு. அது இல்லாத குழந்தை அரைமணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிட்டு, வகுப்புக்குத் திரும்பியதும், வழக்கமான ஆசிரியருக்குப் பதில் வேறொருவர் நிற்பதைக் கண்டு நாற்காலியைத் தள்ளிவிடுகிறது. குறிப்பேட்டில் எழுதப்படுவது நாற்காலி மட்டுமே.

நடத்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் உண்டு என்பது நடத்தை அறிவியலின் பழைய முடிவு. பிரையன் இவாட்டாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வு, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைகளைப் பல்வேறு சூழல்களில் வைத்து உற்றுநோக்கி, ஒரே மாதிரித் தோன்றும் செயல் ஒரு குழந்தைக்குக் கவனத்தைப் பெறும் வழியாகவும் இன்னொரு குழந்தைக்குக் கடினமான சூழலிலிருந்து தப்பும் வழியாகவும் இருக்கக்கூடும் என்று காட்டியது. எட்வர்ட் காரும் மார்க் டியூராண்டும் 1985இல் ஒரு படி மேலே சென்று, அதே பயனைத் தரும் எளிய தகவல்தொடர்பு முறையை, அதாவது உதவி கேட்கும் ஒரு சொற்றொடரைக் கற்றுக்கொடுத்தால் சிக்கலான நடத்தை குறைவதை நிறுவினர். இந்த ஆய்வு மரபிலிருந்து பிறந்த சில சிகிச்சை முறைகளை, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இன்று வன்மையாக எதிர்க்கிறார்கள். குழந்தையை இயல்பானவராகத் தோன்றவைப்பதே அவற்றின் குறிக்கோளாகிவிட்டது என்ற அவர்களது குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் வெளியேற்றத்தைப் பொறுத்தவரை இரு தரப்பும் ஒரே முடிவுக்கு வருகின்றன. தாங்கமுடியாத இடத்திலிருந்து விடுபடுவதே ஒரு நடத்தையின் பயனாக இருந்து, அந்த நடத்தை நிகழ்ந்த உடனே குழந்தை வீட்டுக்கு அனுப்பப்படுமானால், பள்ளியை விட்டு வெளியேற நாற்காலியைத் தள்ளவேண்டும் என்பதைப் பள்ளியே கற்பித்துவிடுகிறது. அடுத்த முறை குழந்தை அரைமணி நேரம் பொறுத்திருக்காது. பள்ளி இதை நிலைமை மோசமாகிவிட்டதாகக் காணும். இன்னும் சீக்கிரமே தொலைபேசியை எடுக்கும். தண்டனை என்று எடுத்துக்கொண்டாலும் அது தண்டனையாக வேலை செய்யவில்லை. உதவி என்று எடுத்துக்கொண்டாலும் உணவுக்கூடம் அப்படியேதான் இருக்கிறது.

இந்த இடத்துக்கு இங்கிலாந்து வந்துசேர்ந்த வரலாறு சுருக்கமாகவேனும் சொல்லப்படவேண்டியது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பள்ளிக் கல்வி பெறும் திறன் அற்றவர்கள் என்று சில குழந்தைகளை வகைப்படுத்திச் சுகாதாரத் துறையின் பொறுப்பில் விட்டுவிட உள்ளூர்க் கல்வி அமைப்புகளுக்கு அதிகாரம் தந்தது. ஆட்டிசம் உள்ள பலர் அந்த முத்திரையோடு மருத்துவமனை விடுதிகளில் வளர்ந்தார்கள். 1962இல் பெற்றோர்கள் சிலர் ஒன்றுகூடித் தொடங்கிய சங்கமே இன்றைய தேசிய ஆட்டிசச் சங்கம். ஆட்டிச ஆய்வில் பின்னர் புகழ்பெற்ற மனநல மருத்துவர் லோர்னா விங்கும் அந்தப் பெற்றோருள் ஒருவர். அதே காலத்தில் சிபில் எல்கர் என்ற ஆசிரியை லண்டனில் தம் வீட்டிலேயே இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கி, சங்கம் 1965இல் திறந்த பள்ளியைப் பொறுப்பேற்று நடத்தி, கல்வி பெறும் திறன் அற்றவர் என்ற முத்திரை பொய் என்பதைக் கண்முன் காட்டினார். 1970இல் இயற்றப்பட்ட சட்டம் 1971 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோதுதான் எல்லாக் குழந்தைகளும் கல்விக்கு உரியவர்கள் என்ற நிலை பிறந்தது. சிறப்புக் கல்வி குறித்து ஆராய்ந்த, மேரி வார்னக் தலைமையிலான குழுவின் 1978ஆம் ஆண்டு அறிக்கையும், அதைத் தொடர்ந்த 1981ஆம் ஆண்டுச் சட்டமும் சாதாரணப் பள்ளிகளின் கதவைத் திறந்தன. 2005இல் வார்னக் தாமே, எல்லாரையும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ப்பது என்ற கொள்கை சில குழந்தைகளைத் துன்பத்தில் தள்ளியிருக்கிறது என்று மறுபரிசீலனை செய்தார். அவருடைய ஐயத்தைச் சாதாரணப் பள்ளிக்கு எதிரான வாதமாகக் கொள்வதைவிட, இடம் கொடுத்துவிட்டு ஏற்பாடு செய்யாமல் விட்டதற்கு எதிரான வாதமாகக் கொள்வதே பொருந்தும். இந்த வரலாற்றில் உறுத்தும் ஒன்று உண்டு: 1944ஆம் ஆண்டுச் சட்டம் கொடியதாக இருந்தபோதிலும், குழந்தையை விலக்குமுன் பெற்றோருக்கு அறிவிப்புத் தரவும் அமைச்சரிடம் முறையிடவும் அதில் வழி இருந்தது. இன்றைய தொலைபேசி அழைப்பில் அதுகூட இல்லை.

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், குறைபாட்டிலிருந்து எழும் ஒன்றைக் காரணம் காட்டி மாணவரைப் பாதகமாக நடத்துவதைத் தடைசெய்கிறது. தகுந்த நோக்கத்துக்காக, தேவையான அளவுக்கு மட்டும் செய்யப்பட்டது என்று பள்ளி நிறுவினால்தான் அது செல்லும். குறைபாடு உள்ள மாணவர் பின்தங்காமல் இருக்க நியாயமான மாற்றங்களை முன்கூட்டியே செய்யும் கடமையையும் அது பள்ளியின்மீது வைக்கிறது. ஆனால் அச்சட்டத்தின்கீழ் அதே ஆண்டு வெளியிடப்பட்ட விதிகளில் ஒரு விலக்கு ஒளிந்திருந்தது. தீ வைக்கும் போக்கு, திருடும் போக்கு, பிறரை உடலால் துன்புறுத்தும் போக்கு ஆகியவற்றைக் குறைபாடாகக் கருதவேண்டியதில்லை என்றது நான்காம் விதி. குற்றவாளிகள் சமத்துவச் சட்டத்தைக் கேடயமாகப் பிடிக்கக்கூடாது என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட இந்த வரி, ஆட்டிசத்தால் தடுமாறிக் கை ஓங்கும் குழந்தையையும் அதே வரிசையில் நிறுத்தியது. அடித்ததற்காக நீக்கப்பட்ட குழந்தையின் பெற்றோர் தீர்ப்பாயத்துக்குப் போனால், அந்த நடத்தையைப் பொறுத்தவரை உங்கள் பிள்ளை குறைபாடு உடையவரே அல்லர் என்ற பதில் கிடைத்தது. பள்ளி முன்னேற்பாடு ஏதேனும் செய்ததா என்ற கேள்வியே எழாமல் போனது.

இந்த விதி 2018 ஆகஸ்டில் முறிந்தது. ஆட்டிசம் உள்ள பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன், பெயருக்குப் பதில் ஓர் எழுத்தால் மட்டுமே ஆவணங்களில் சுட்டப்படுபவன், ஆக்ரோஷமான நடத்தைக்காக ஒன்றரை நாள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தான். முதல்நிலைத் தீர்ப்பாயம் விதியைப் பின்பற்றிப் பெற்றோரின் வழக்கைத் தள்ளியது. மேல் தீர்ப்பாயத்தில் வழக்கை விசாரித்த நீதிபதி அலிசன் ரவுலி, கல்விச் சூழலில் இந்த விலக்கைப் பொருத்துவது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை தரும் பாகுபாடின்மை உரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் ஆக்ரோஷம் அவர்கள் தேர்ந்துகொண்ட ஒன்று அன்று என்பதும், அதைக் குற்றச் செயலுக்கு இணையாக வைப்பது ஏற்கவியலாதது என்பதும் அத்தீர்ப்பின் உள்ளுறை. இனி அடிப்பது அனுமதிக்கப்பட்டுவிட்டது என்று பொருள் கொண்டு அப்போது எழுந்த அச்சத்துக்கு அடிப்படையில்லை. தேவைப்பட்டால் பள்ளி இப்போதும் இடைநீக்கம் செய்யலாம். ஆனால் அதற்கு முன் தான் செய்யவேண்டிய மாற்றங்களைச் செய்ததா என்று கேட்டால் பதில் சொல்லியாகவேண்டும். இத்தீர்ப்பை வரவேற்கும் எவரும் அதோடு சேர்த்து எண்ணவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெற்றோரின் வழக்கு நிலைத்ததற்குக் காரணம், அந்த ஒன்றரை நாள் எழுத்தில் பதிவாகியிருந்தது. அதே பள்ளி ஒரு தொலைபேசி அழைப்போடு நிறுத்தியிருந்தால் அவர்கள் முதலில் நிறுவவேண்டியிருந்தது, அப்படி ஒன்று நடந்தது என்பதையே.

எழுத்தில் பதிவாகும் நீக்கங்களே அண்மை ஆண்டுகளில் பெருகியிருக்கின்றன. 2023-24 கல்வியாண்டில் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் சுமார் 9.55 லட்சம் இடைநீக்கங்களும் 10,885 நிரந்தர நீக்கங்களும் பதிவாயின. பதிவாகாதவற்றின் அளவை மதிப்பிடும் முயற்சிகள் பெற்றோர், ஆசிரியர்களின் வாய்மொழியையே நம்பியிருக்கவேண்டியுள்ளது. குழந்தைகள் ஆணையராக இருந்த மேகி அட்கின்சன் 2013இல் வெளியிட்ட அறிக்கை, ஆசிரியர்கள் தந்த விடைகளிலிருந்து, சில நூறு பள்ளிகளேனும் சட்டவிரோதமாக மாணவர்களை வெளியேற்றக்கூடும் என்று கணித்தது. ஆட்டிசம் உள்ள இளையோருக்காக உழைக்கும் தொண்டு அமைப்பு ஒன்று 2014இல் பெற்றோரிடம் நடத்திய கணக்கெடுப்பில், பத்தில் நான்கு குழந்தைகள் முறைசாரா வகையில் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். இவை பதிலளிக்க முன்வந்தவர்களின் கணக்குகள். நாட்டின் துல்லியமான அளவாக இவற்றைக் கொள்ளமுடியாது. ஆனால் எண்ணப்படாமல் இருப்பதற்காகவே வடிவமைந்த ஒரு வழக்கத்தை மதிப்பிட வேறு வழியும் இல்லை.

பள்ளிகள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதற்கு ஆசிரியர்களின் கல்நெஞ்சம் விடையாகாது. முப்பது குழந்தைகளை ஒருவராகப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரும், மிகக் குறைந்த ஊதியத்தில் கடிபட்டும் அடிபட்டும் நாளைக் கழிக்கும் வகுப்பு உதவியாளரும், வகுப்பின் மற்ற இருபத்தொன்பது பேரும் பாதுகாப்புக்கு உரியவர்களே. அவர்களது அச்சம் உண்மையானது. சிக்கல் பணத்தில் தொடங்குகிறது. சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்காக ஆகும் கூடுதல் செலவில் முதல் 6,000 பவுண்டைப் பள்ளியே தன் நிதியிலிருந்து ஏற்கவேண்டும் என்பது 2013ஆம் ஆண்டு முதலுள்ள நியதி. விலைவாசி எவ்வளவோ ஏறியும் அந்தத் தொகை மாறவில்லை. இத்தகைய குழந்தைகளை மனமுவந்து சேர்த்துக்கொள்ளும் பள்ளி அதனாலேயே ஏழையாகிறது. உளவியலாளரின் ஒரு வருகைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டியிருக்கிறது. அதோடு, ஆஃப்ஸ்டெட் ஆய்வாளர்கள் இடைநீக்க எண்ணிக்கையைப் பார்ப்பதால், எண்ணிக்கையைத் தாழ்வாக வைத்துக்கொள்ளும் தூண்டுதல் இருக்கிறது; இடைநீக்கத்தைக் குறைக்க எழுந்த நல்லெண்ணமே, மாற்று ஏற்பாடு இல்லாதபோது, அதைத் தொலைபேசிக்கு இடம்மாற்றிவிடுகிறது. சிறு விதிமீறலுக்கும் தளர்வின்றித் தண்டனை என்ற ஒழுங்குமுறையைக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பல இடைநிலைப் பள்ளிகள் ஏற்றுக்கொண்டிருப்பதும் நிலைமையைக் கடுமையாக்கியிருக்கிறது. ஆசிரியரின் கண்ணைப் பார்க்கவேண்டும், கையில் எதையும் உருட்டக்கூடாது, தாழ்வாரத்தில் பேசாமல் வரிசையாகச் செல்லவேண்டும் என்ற விதிகளில் முதலிரண்டும் ஆட்டிசம் உள்ள குழந்தையின் உடலியல்போடு நேராக மோதுகின்றன.

பணமின்மை முழு விளக்கமும் ஆகிவிடாது, ஏனெனில் செய்யக்கூடியவற்றில் பல செலவற்றவை. நாளின் நிகழ்ச்சிகளைப் படங்களாக அடுக்கிக் குழந்தையின் மேசையில் ஒட்டிவைப்பது, ஆசிரியர் மாறுவதை முந்தைய நாளே சொல்லிவைப்பது, கூட்டம் கூடுமுன் ஐந்து நிமிடம் முன்னதாக உணவுக்கூடத்துக்கு அனுப்புவது, பேசாமலே எடுத்துக்காட்டிவிட்டு வெளியேறி அமைதியான அறைக்குச் செல்ல ஓர் அட்டை தருவது போன்றவை இங்கிலாந்திலேயே நல்ல பள்ளிகளில் அன்றாட வழக்கங்கள். அந்த அட்டையின் அருமை கவனிக்கத் தக்கது: நாற்காலியைத் தள்ளிப் பெற்ற அதே விடுதலையை அட்டையைக் காட்டியே பெறமுடியும் என்றால் நாற்காலிக்குத் தேவையில்லை, காரும் டியூராண்டும் காட்டியதும் இதுவே. நிகழ்வுக்கு முன் என்ன நடந்தது, நிகழ்ந்தது என்ன, அதன்பின் என்ன ஆனது என்று மூன்று பத்திகளில் சில வாரங்கள் குறித்துவந்தாலே, புதன்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணிக்கு மட்டும் ஏன் கொதிக்கிறது என்பது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். வீட்டுக்கு அனுப்பிவிடும் பள்ளிக்கு இந்தக் குறிப்பை எழுதவேண்டிய தேவையே வருவதில்லை. தெரிந்துகொள்ளும் வாய்ப்பைக் குழந்தையோடு சேர்த்து அனுப்பிவிடுகிறது.

இழப்பின் மறுபாதி வீட்டில் விழுகிறது. எந்த நேரத்திலும் அழைப்பு வரலாம் என்ற நிலையில் எவராலும் முழுநேர வேலையில் நீடிக்கமுடியாது. பெரும்பாலும் வேலையை விடுபவர் தாய். பள்ளியிலிருந்து இருபது நிமிடத் தொலைவுக்குமேல் போகாமல், தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே பகலைக் கழிக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். மறுத்தால் என்னவாகும் என்ற அச்சத்தில் அவர்கள் சம்மதிக்கிறார்கள். பதிவேட்டில் அது பெற்றோரின் விருப்பமாக மாறிவிடுகிறது. சட்டம் தெரிந்த சில பெற்றோர், இது இடைநீக்கமென்றால் கடிதம் தாருங்கள், இல்லையென்றால் பிள்ளை பள்ளியிலேயே இருக்கட்டும் என்று கேட்கப் பழகியிருக்கிறார்கள். ஆங்கிலம் சரளமாக வராத குடியேறிய குடும்பத்துக்கோ, தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கோ தலைமையாசிரியரிடம் அப்படிக் கேட்கும் துணிவு எளிதில் வாய்ப்பதில்லை. குழந்தை எதைக் கற்றுக்கொள்கிறது என்பது இன்னும் துயரமானது. தன் வகுப்புத் தோழர்கள் எல்லாரும் மூன்று மணி வரை இருக்க, தான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடப்பதன் பொருளை அது புரிந்துகொள்ளாது என்று எண்ணுவது, ஆட்டிசம் பற்றிய மிகப் பழைய அறியாமை.

அமெரிக்காவில் இதே வழக்கம் வேறு காரணத்தால் வளர்ந்தது. ஹானிக் எதிர் டோ வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம், குறைபாட்டிலிருந்து எழும் நடத்தைக்காகச் சிறப்புக் கல்வி மாணவரைப் பத்து நாட்களுக்குமேல் பள்ளி தன்னிச்சையாக விலக்கமுடியாது என்றது. அந்நாட்டுச் சிறப்புக் கல்விச் சட்டத்தின் 1997ஆம் ஆண்டுத் திருத்தம், அந்தப் பத்து நாள் தாண்டியதும் நடத்தை குறைபாட்டின் வெளிப்பாடா என்று குழு கூடி ஆராயவேண்டும் என்ற கடமையைச் சேர்த்தது. பத்து என்ற எண்ணிக்கை முக்கியமானதும், எண்ணிக்கையில் சேராத அனுப்புதல்கள் பெருகின. அமெரிக்கக் கல்வித் துறை 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல், முறைசாரா வெளியேற்றங்களும் அந்தப் பத்து நாளில் எண்ணப்படக்கூடியவை என்று தெளிவுபடுத்தியது. இங்கிலாந்தில் அத்தகைய கட்டாய ஆராய்வு இல்லை. நடத்தைக்கும் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பைப் பெற்றோர் தீர்ப்பாயத்தில்தான் எழுப்பவேண்டும், அதுவும் ஆறு மாதத்துக்குள். பள்ளி தவறிழைத்ததாகத் தீர்ப்பாயம் கண்டாலும் மன்னிப்புக் கடிதம், ஆசிரியர் பயிற்சி போன்றவற்றைத்தான் ஆணையிடமுடியும். இழப்பீட்டுத் தொகை வழங்க அதற்கு அதிகாரம் இல்லை. வேலையை இழந்த தாய்க்கு அந்த மன்றத்தில் எதுவும் கிடைக்காது.

2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய வருகைப் பதிவு விதிகள் ஒரு முன்னேற்றத்தைக் கொணர்ந்தன. குறைநேர அட்டவணையில் உள்ள மாணவரைக் குறிக்க 'சி2' என்ற தனிக் குறியீடு ஏற்படுத்தப்பட்டது. எல்லாப் பதிவேடுகளும் மின்னணு வடிவில் பேணப்பட்டு, நாள்தோறும் கல்வித் துறைக்குப் போய்ச்சேருகின்றன. இதுவரை நோய் என்றும் விடுப்பு என்றும் கரைந்துபோன மணிநேரங்களில் ஒரு பகுதி இனிமேல் எண்ணிக்கையாகத் தெரியவரும். பிற்பகல் வருகை எடுத்தபின் அனுப்பப்படும் குழந்தைக்கு இந்த மாற்றத்திலும் இடமில்லை. ஆனால் அத்தகவல் இல்லாமலும் இல்லை. பாதுகாப்புக் கருதி, பள்ளி நேரத்தில் வளாகத்தை விட்டுச் செல்லும் மாணவரை யார் எத்தனை மணிக்கு அழைத்துச் சென்றார் என்பதை வாயில் அலுவலகத்தில் குறித்துக்கொள்ளும் வழக்கம் பள்ளிகளில் பரவலாக உண்டு. தீ விபத்து நேர்ந்தால் உள்ளே யார் இருக்கிறார் என்று அறிவதற்காக அந்தக் குறிப்பு வைக்கப்படுகிறது. அந்த நேரத்தை நாள்தோறும் துறைக்குச் செல்லும் பதிவோடு இணைக்கும்படி விதி ஒன்று இயற்றப்பட்டால், அக்குறிப்பை வைத்திருக்கும் எந்தப் பள்ளியும் புதிதாக எதையும் எழுதவேண்டியிராது.